உப்புக்காற்று ரப்பரைத் தின்னுமா? மடக்கு சைக்கிளின் பின் ரப்பர் கட்டைக்கு ஒரு விரிவான பதில்

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. துபாயிலிருந்து அவருடைய காக்கா (அண்ணன்) கொண்டுவந்து கொடுத்த பிராம்ப்டன் மடக்கு சைக்கிளுக்கு இப்போது வயது 11. பின்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கட்டை ஒரு பக்கமாக அமுங்கி, மேல்தோல் வெடித்திருக்கிறது. மிதிக்கும்போது வண்டி துள்ளுகிறது. கடைக்காரர் "உப்புக்காத்து ரப்பரைத் தின்னுடுச்சு" என்று சொல்லி, கிரீஸ் தடவி, சுற்றிலும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டார். இப்போது துள்ளல் போய்விட்டது, ஆனால் முதுகெலும்பில் இடிக்கிறது. கட்டையை இங்கேயே செய்து போடலாமா, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது, கடலோரத்தில் இருந்துகொண்டு அதைக் காப்பாற்ற வழி உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் அந்தக் கிளிப்பை இன்றைக்கே கழற்றுங்கள். கிரீஸைத் துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி விடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

கிளிப் ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தப்பை நல்ல மெக்கானிக்குகளே செய்கிறார்கள். ரப்பர் பஞ்சு மாதிரி அமுங்குகிற பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீர் நிறைத்துக் கட்டிய பை மாதிரி. மேலே அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான். வடிவம் மாறுமே தவிர அது அடைக்கும் இடம் குறையாது. பிதுங்க இடம் இருக்கிற வரைதான் அது ஸ்பிரிங். சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டுப் பிதுங்கும் வழியை அடைத்துவிட்டால் அது கருங்கல்லுக்குச் சமம். உங்கள் முதுகில் இடிப்பது அதனால்தான். அந்தக் கட்டையைச் சுற்றி விட்டிருக்கும் காலி இடம் கட்டையைப் போலவே ஒரு பாகம். அதில் துணி சுற்றுவது, பழைய டியூப் சுற்றுவது எதுவும் வேண்டாம்.

நான் குமரி மாவட்டத்தில் ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது உச்சிப்புளியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். "உப்புக்காற்று ரப்பரைத் தின்னும்" என்ற பேச்சை இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். அது சரியில்லை என்பதற்கு நீங்கள் மண்டபம் ஜெட்டி வரை போனால் போதும். விசைப்படகுகளின் பக்கவாட்டில் பழைய லாரி டயர்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதில் ஒன்றை உற்றுப் பாருங்கள். வெயில் படுகிற மேற்பகுதி வறண்ட கண்மாய்த் தரை மாதிரி வெடித்திருக்கும். தண்ணீரில் நனைந்துகொண்டே கிடக்கும் அடிப்பகுதியைச் சுரண்டி, பாசியை எடுத்துவிட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். உப்புதான் தின்கிறது என்றால் அடிப்பகுதிதானே முதலில் போயிருக்க வேண்டும்? 42 ஆண்டுகள் கடலுக்கடியில் கிடந்த இயற்கை ரப்பர் டயர்களை எடுத்து இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரப்பர் பெரிதாகக் கெட்டிருக்கவில்லை. உப்புத் தண்ணீர் ரப்பருக்குள் மிக மெதுவாகத்தான் இறங்கும். கடலுக்கடியில் வெயிலும் இல்லை, சூடும் இல்லை, ஓசோனும் இல்லை.

உப்பு தின்பது ரப்பரை அல்ல, அதைப் பிடித்திருக்கிற போல்ட்டையும் வாஷரையும். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வண்டியில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கக்கூடும்.

அப்படியானால் ரப்பரைக் கெடுப்பது எது? நம் கரையில் நான் பார்த்த வரையில் நான்கு. சூடு, ஓசோன், எண்ணெய், அசையாமல் நிற்கும் பாரம்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து டிகிரி கூடினால் ரப்பர் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பட்டறைக் கணக்கு. தகரக் கொட்டகைக்குள் சித்திரை மத்தியானம் நிற்கும் சைக்கிளும், ஓட்டு வீட்டுத் திண்ணையில் நிற்கும் சைக்கிளும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை.

ஓசோன் விஷயம் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டியது. காற்றில் அது மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் இயற்கை ரப்பரின் இழைகளை அது கத்தி மாதிரி அறுக்கும், அதுவும் ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால் மட்டுமே. இழுபடாத ரப்பரில் ஓசோன் வெடிப்பு வராது. உங்கள் கட்டை அமுங்குகிற பொருள்தானே, அதில் இழுவிசை எங்கே வந்தது என்று கேட்கலாம். பிதுங்கும் வயிற்றுப் பகுதியின் தோலைப் பாருங்கள். அது இழுபட்டுத்தான் இருக்கிறது. வெடிப்பு அங்கேதான் தொடங்கும், இழுபடும் திசைக்குக் குறுக்காக ஓடும். இதற்காகவே ரப்பர் கலவையில் ஒருவகை மெழுகைச் சேர்ப்பார்கள். அது மெல்ல மேலே வந்து, தோலில் வெளுப்பாகப் பூத்து நிற்கும். புதிய கட்டையை வாங்கும்போது அந்த வெள்ளைப் பூப்பைப் பழைய சரக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அழுக்கு அல்ல, சட்டை. அதைக் கழற்றக் கூடாது. வெல்டிங் பட்டறை பக்கத்திலும், பொறி பறக்கும் மோட்டார் பக்கத்திலும் சைக்கிளை நிறுத்த வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். மின்பொறி ஓசோனை உண்டாக்கும்.

எண்ணெய்க்கு வருவோம். கிரீஸ், மண்ணெண்ணெய், டீசல், என்ஜின் ஆயில் எல்லாம் ஒரே குடும்பம். இயற்கை ரப்பர் அவற்றைக் குடித்து ஊதும், ஊதிய பிறகு நொசநொசவென்று ஆகும். நம் பக்கம் படகு என்ஜின் வேலை பார்த்த கையோடு சைக்கிளைத் தொடுகிறவர்கள் அதிகம். அதனால் டீசல் கை படாத ரப்பரே இல்லை. "கிறீச்" சத்தத்துக்காக ஏதாவது தடவியே ஆக வேண்டும் என்றால் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். கையில் அது இல்லையென்றால் கிளிசரின். விளக்கெண்ணெய்கூட இயற்கை ரப்பரைப் பெரிதாக ஊத வைக்காது. அந்தக் காலத்துக் கார்களின் பிரேக் திரவத்தை விளக்கெண்ணெய் கலந்துதான் செய்தார்கள், உள்ளே இருந்தது இயற்கை ரப்பர் வாஷர் என்பதால்.

நான்காவது, அசையாத பாரம். ரப்பரை ஒரு நொடி அழுத்தி விட்டால் திரும்பி வரும். ஒரு மாதம் அழுத்தியே வைத்திருந்தால் முழுதாகத் திரும்பாது. வண்டியின் மேல் பாரத்தை ஏற்றி ராத்திரி முழுக்க நிறுத்தி வைக்கிற பழக்கம் ஓட்டத்தைவிடக் கட்டைக்குக் கெடுதல். உங்களுடையது ஒரு பக்கமாக அமுங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஒன்று, பாரம் ஒரு பக்கமாகவே ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பின் முக்கோணத்தின், அதாவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மடிகிற ஃபிரேமின், கீலில் ஆட்டம் இருக்கிறது. இரண்டாவதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். சக்கர பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் முக்கோணமே அசைந்தால் கீலுக்குள் இருக்கும் புஷ் என்ற குழல் தேய்ந்திருக்கிறது. அரிச்சல்முனை வரை போய் வருகிற வண்டிகளில் இது சீக்கிரம் வருகிறது. காற்றில் பறக்கும் மணல் கீலுக்குள் போய், அரத்தின் வேலையைச் செய்துவிடும். அந்தப் புஷ்ஷை மாற்றினால் உள்துளையை அளவுக்கு ரீமர் போட்டுக் கடைய வேண்டும். சுத்தியலால் தட்டி முடிக்கிற வேலை அல்ல. கீலைச் சரி செய்யாமல் புதுக் கட்டை போட்டால் அதுவும் இதே பக்கம்தான் சாயும்.

இந்த மாதிரிச் சின்னச் சக்கர வண்டியில் ரப்பர் எதற்கு என்று ஒரு வார்த்தை. 16 அங்குலச் சக்கரம், 28 அங்குலச் சக்கரம் தாண்டிப் போகிற குழியில் உள்ளே இறங்கிவிடும். இதற்கு இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் ரப்பரைக் கொண்டு வழி கண்டுபிடித்தார். 1959-இல் வந்த மினி காருக்கு ரப்பர் கூம்பு ஸ்பிரிங் வடிவமைத்தவர் அவர். 1962-இல் முன்னும் பின்னும் ரப்பர் வைத்த சின்னச் சக்கர சைக்கிளை வெளியிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவே 1848-இல் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் ரப்பர் ஆலை தொடங்கியவர். பிறகு 1970-களில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி பிராம்ப்டனை வடிவமைத்தபோது, பின்பக்கம் மட்டும் ஒரே ஒரு ரப்பர் கட்டை போதும் என்று முடித்துவிட்டார். எடைக்கு எடை பார்த்தால் எஃகு ஸ்பிரிங்கைவிட ரப்பர் பல மடங்கு ஆற்றலை வாங்கி வைக்கும். வாங்கியதை அப்படியே திருப்பித் தராமல் கொஞ்சத்தை உள்ளேயே சூடாக்கிக் கழித்துவிடும். தனியாக ஷாக் அப்சார்பர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சத்தம் கிடையாது. எனக்கு இந்த எளிமை மேல் பெரிய மரியாதை உண்டு.

இனி, கட்டை போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வருடக் கணக்கு வைத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து வருடத்தில் செத்ததும் பார்த்திருக்கிறேன், பதினைந்து வருடம் நன்றாக இருந்ததும் பார்த்திருக்கிறேன். கழற்றி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு, வெர்னியர் அளவுகோலில் உயரத்தை அளந்து பாருங்கள். புதியதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நான் மாற்றிவிடுவேன். பிறகு நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். பள்ளமே விழவில்லை என்றால் இறுகிவிட்டது, விழுந்த பள்ளம் நின்றால் எண்ணெய் குடித்திருக்கிறது. வெடிப்பை விரித்துப் பாருங்கள். தோலோடு நிற்கும் மயிரிழை வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம், கட்டை இன்னும் ஓடும். வெடிப்பின் அடி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் பாம்பன் சாலைப் பாலம். சீரான இடைவெளியில் பாலத்தின் இணைப்புகள் வந்துகொண்டே இருக்கும். நல்ல கட்டையாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு "தும்" கேட்டு அடங்கிவிடும். இறுகிய கட்டை "டக்" என்று இடுப்பில் அடிக்கும். நொந்துபோன கட்டை இணைப்பைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று தரம் ஆடும். வாகனம் குறைவான விடியற்காலையில், ஓரமாகப் போங்கள்.

இங்கேயே செய்து போடலாமா என்று கேட்டீர்கள். முதல் சாய்ஸ் அசல் கட்டைதான். சட்டைப் பையில் அடங்குகிற பொருள், காக்கா அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். சாதாரணம், கெட்டி என்று இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்களும், எழுந்து நின்று மிதிப்பவர்களும் கெட்டியை வாங்குவது வழக்கம். உங்கள் எடை 70-க்குள் என்று எழுதியிருக்கிறீர்கள், சாதாரணமே போதும்.

அதுவரை வண்டி நிற்க முடியாது என்றால் செய்து போடலாம், ஆனால் எதிலிருந்து செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கதையைச் சொல்கிறேன். முதன்முதலில் இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தபோது லாரி ஸ்பிரிங் புஷ் ஒன்றை ஒரு லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து போட்டேன். பார்வைக்கு அசலேதான். ஆனால் லாரி புஷ் பல டன் பாரத்துக்குக் கலந்த ரப்பர். ஒரு ஆள் ஏறினால் அது அசைந்துகூடக் கொடுக்காது. அடுத்து வேறொரு இடத்தில் மோல்டு போட்டு வாங்கினேன். அவர்கள் போட்டது பழைய டயரை அரைத்து மீட்ட ரப்பர். முதல் வாரம் அருமையாக இருந்தது, இரண்டே மாதத்தில் அப்பளம். ரப்பர் வேலையில் இருந்தவனே இரண்டு தரம் ஏமாந்ததில் எனக்கு மிகுந்த வருத்தம். அந்த வண்டிக்காரரிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற கணக்கில் சொல்வார்கள். பென்சில் அழிப்பான் சுமார் 40, டயர் தரை தொடும் பகுதி 60-லிருந்து 70, செருப்பின் குதிகால் 75-க்குப் பக்கம். செய்யக் கொடுக்கும்போது 60-க்குப் பக்கமாக, இயற்கை ரப்பரில், மீட்ட ரப்பர் கலக்காமல் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். இரண்டு துண்டு செய்யச் சொல்லி, ஒன்றைக் குறுக்காக அறுத்துப் பாருங்கள். ரப்பர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தடித்த துண்டை அவசரமாக வேகவைத்து எடுத்தால் தோல் வெந்திருக்கும், நடு வேகாமல் பஞ்சு மாதிரி இருக்கும். இட்லி வெந்ததா என்று குச்சி விட்டுப் பார்க்கிற சோதனைதான் இதுவும். நடுவில் குமிழ் தெரிந்தால் வாங்காதீர்கள். உயரத்தை அசலின் அளவுக்கே வைக்க வேண்டும். கூடினால் வண்டியை விரிக்கும்போது பூட்டு விழாது, குறைந்தால் மட்கார்டு இடிக்கும்.

பாலியூரித்தேன் என்ற, ரப்பர் மாதிரியே அமுங்கும் செயற்கைப் பொருளில் வார்த்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். அதில் பாலியெஸ்டர், பாலியீத்தர் என்று இரண்டு சாதி. பாலியெஸ்டர் வகை ஈரமும் சூடும் சேர்ந்தால் தானாகவே சிதையும். கல்யாணத்துக்கு வாங்கிப் பீரோவில் வைத்த ஷூவை மூன்று வருடம் கழித்து எடுத்தால் அடிப்பகுதி பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இது. 1990-களில் வெளிநாட்டு மலைச் சைக்கிள்களின் முன் ஃபோர்க்கில் இந்த இனத்துக் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த அப்படி ஒரு வண்டியைப் போன வருடம் பிரித்தேன். உள்ளே இருந்தது ரப்பர் அல்ல, பாகு. ஓட்டாமலே வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும் என்பதால் பழைய ஸ்டாக்கை "பிரிக்காத பாக்கெட்" என்று சொல்லி விற்றால் நம்பி வாங்க வேண்டாம். நம் கரைக்குப் பாலியீத்தர் வகைதான் தாங்கும்.

மாட்டுவது சின்ன வேலை. வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பின் முக்கோணத்தை மடித்துக்கொண்டால் கட்டை வெளியே தெரியும். ஒரே ஒரு போல்ட்தான் அதைப் பிடித்திருக்கும். ஆலன் கீயை முழுதாக உள்ளே இறக்கி, மெதுவாகத் திருப்புங்கள். துருப்பிடித்து வரவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். பழைய கட்டை எப்படியும் போகப்போகிறது, எண்ணெய் பட்டால் பரவாயில்லை. புதியதைப் போடும் முன் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். புதுக் கட்டையை வாஷர் நன்றாகப் படியும் வரை மட்டும் முடுக்குங்கள். வயிறு பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் ஏறி உட்காரும் முன்பே பாதி வேலையை வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், வெடிப்பும் சீக்கிரம் வரும். ரப்பர் முதல் சில நாட்களில்தான் கொஞ்சம் அமர்ந்து கொடுக்கும், பிறகு மிக மெதுவாகும். அதனால் ஒரு மாதம் கழித்து ஒருமுறை முடுக்கிப் பார்த்தால் போதும்.

இப்போது அந்தப் போல்ட். ரப்பர் கட்டை வெடித்தால் வண்டி சொல்லிவிட்டுத்தான் போகும். போல்ட் சொல்லாமல் போகும். உப்புத் தண்ணீர் வாஷருக்கும் ரப்பருக்கும் நடுவில் புகுந்தால் காயாது. மேலே பெயின்ட் நன்றாக இருக்க, உள்ளே மரை பாதியாகக் கரைந்திருக்கும். கழற்றிய போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எங்காவது இடுப்பு சிறுத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். மாற்று வாங்கும்போது சாதாரண எவர்சில்வரான 304 வேண்டாம், 316 கேளுங்கள். படகுச் சாமான் கடைகளில் கிடைக்கும். மரையில் ஏதாவது தடவ வேண்டும் என்றால் செம்புத்தூள் கலந்த கிரீஸை மட்டும் தவிருங்கள். செம்பு இயற்கை ரப்பருக்கு விஷம், ரப்பர் காற்றில் கெடுவதை அது விரைவுபடுத்தும்.

அன்றாடக் காப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஏர்வாடிப் பக்கம் கடற்கரைச் சாலையில் போய் வந்தால் ஒரு சொம்பு நல்ல தண்ணீரைக் கீலிலும் போல்ட்டிலும் ஊற்றி விடுங்கள். நிழலில் நிறுத்துங்கள். நிறுத்தும்போது சுமையை இறக்கி வையுங்கள். சத்தம் வந்தாலொழிய கட்டைக்கு எதையும் தடவாதீர்கள், டயர் பாலிஷ் எப்போதுமே வேண்டாம்.

கழற்றிய பழைய கட்டையை எறிந்துவிட வேண்டாம். அதன் அமுங்காத பக்கத்தின் உயரம், விட்டம், நடுத்துளை மூன்றையும் வெர்னியரில் அளந்து எனக்கு எழுதுங்கள். கீலில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆட்டம் இருந்தால் கட்டைக்குச் சொல்லிவிடும் முன் வண்டியை உச்சிப்புளிக்குக் கொண்டு வந்துவிடுங்கள், ரீமர் என்னிடம் இருக்கிறது.